14 விநாடிப் பச்சை

கார் சாவியை மகனிடம் கொடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்போது எனக்கு 72 வயது. அதற்கு முந்தைய மாதம் வீட்டு வாசலில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வண்டி தூணில் லேசாக இடித்துவிட்டது என்றுதான் சொல்லிவைத்தேன். லேசாக எல்லாம் இல்லை.

வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தபடியே, நிறுத்துவதற்காகக் காலை அழுத்தினேன். வண்டி நிற்காமல் பாய்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக மிதித்தேன். இன்னும் வேகமாகப் பாய்ந்தது. கடைசியில் கேட் தூண்தான் நிறுத்தியது. "பிரேக் போயிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். பொய் இல்லை, அந்த நிமிடம் அப்படித்தான் நம்பினேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகுதான் கால் எங்கே இருந்திருக்கும் என்பது உறைத்தது.

பின்னால் பார்க்க இடுப்பைத் திருப்பும்போது காலும் கொஞ்சம் நகர்ந்துவிடும். இளவயதில் அந்தத் தவறு நடந்தால் அரை விநாடியில் உணர்ந்து காலை எடுத்துவிடுவோம். எனக்கு அந்த அரை விநாடி இரண்டு விநாடியாகிவிட்டது. பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று மூளை ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், வண்டி ஓட ஓட இன்னும் அழுத்தச் சொல்லும். 36 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். விசை, முடுக்கம் எல்லாம் கரும்பலகையில் எழுதியவன். என் காலுக்கு எதுவும் தெரியவில்லை.

2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதானவர் ஓட்டிய கார் பாய்ந்து ஓர் இளம் தாயும் அவருடைய 3 வயதுக் குழந்தையும் இறந்தார்கள். வண்டியில்தான் கோளாறு என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்று 2021ல் தீர்ப்பானது, ஐந்து வருடச் சிறை. செய்தியைப் படித்தபோது 'இப்படியும் மழுப்புவார்களா' என்று கோபம் வந்தது. தூண் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கோபம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. என் எதிரே தூண் இருந்தது, அவர் எதிரே ஆட்கள் இருந்தார்கள். அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானில் ஓட்டுநர் உரிமத்தைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு 1998லிருந்து இருக்கிறது. அந்த 2019ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவர் என்பதற்கான அத்தாட்சி அது. அதைக் காட்டினால் பல ஊர்களில் பேருந்து, டாக்சிக் கட்டணத்தில் சலுகை உண்டு. எனக்கு அந்தச் சான்றிதழ் விஷயம் ரொம்பப் பிடித்தது. சலுகைக்காக இல்லை. எடுத்துக்கொள்கிறவர்கள் பதிலுக்கு ஒரு காகிதமாவது கையில் கொடுக்கிறார்களே என்பதற்காக.

என் மகன் நல்லவன். கத்தவில்லை, மிரட்டவில்லை. "அப்பா, நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா இந்த மாசத்துக்குள்ள பண்ணுங்க" என்றான். பண்ணினேன். சாவியைக் கொடுத்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அப்பா இனிமேல் பத்திரம் என்று நினைத்தார்கள். நானும்தான்.

சரி, கார் இல்லாத மனிதன் என்ன செய்வான்? நடப்பான். நூலகம், வங்கி, மருத்துவர், பேருந்து நிறுத்தம் எல்லாமே எங்களுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம். நான்கு தடங்கள், நடுவில் நிற்க ஒரு திட்டு கிடையாது. சிக்னல் இருக்கிறது, கோடும் போட்டிருக்கிறது. 30 வருடமாக அந்தக் கோட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி, கடந்து போகிறவர்களைக் கண்ணாடி வழியே பார்த்தவன் நான். 'இந்தக் கிழவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார்' என்று ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டதும் உண்டு.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நானும் மனைவியும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பச்சை விழுந்ததும் இறங்கினோம். பாதிக்கு மேல் வந்திருப்போம், சிவப்பு விழுந்துவிட்டது. முதல் வரிசை வண்டிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்த ஒரு வண்டி எங்களைப் பார்த்திருக்கவே முடியாது. வரிசை நகரவில்லையே என்று பக்கத்துத் தடத்துக்கு மாறிச் சீறிக்கொண்டு வந்தது. மனைவியின் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது என்று அவள் சொல்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை, காற்றை மட்டும் உணர்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவள்தான் சொன்னாள்: "காரிலேயே போயிருக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிக்னலுக்குப் போனேன். அவளுக்கு 11 வயது. அவள் கையில் ஸ்டாப்வாட்ச், என் கையில் நோட்டு. கடக்க வேண்டிய தூரம் 14 மீட்டர். பச்சை விழுந்ததிலிருந்து மினுக்கி முடிகிறவரை 14 விநாடி. நான் கொஞ்சம் அவசரமாகவே நடந்து பார்த்தேன்: இறங்கவே ஒன்றரை விநாடி ஆகிறது, மொத்தம் 17. மனைவியை இன்னொரு நாள் கெஞ்சி அழைத்துவந்து அளந்ததில் 21. பேத்தி, "நானும் தாத்தா, நானும்" என்று குதித்தபடி 9 விநாடியில் போய்விட்டாள். சிவப்பு விழும்போது நான் கடைசித் தடத்தில் இருக்கிறேன். மனைவி மூன்றாவது தடத்தின் நடுவில்.

இந்த 14 எங்கிருந்து வந்தது? சிக்னல் வைக்கிறவர்கள், மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்ற கணக்கைப் பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 14 மீட்டருக்கு 12 விநாடி போதும். ஆக 14 தாராளம்! இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடையை அளந்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. பத்தில் எட்டுக்கு மேற்பட்ட ஆண்களும் ஒன்பதுக்கு மேற்பட்ட பெண்களும் 1.2ஐ எட்டவில்லை. என் நோட்டில் நான் 0.9, மனைவி 0.74. நாங்கள் ஒன்றும் விதிவிலக்கு இல்லை, சராசரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று பார்த்ததும் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். மனைவிக்குக் காட்டினேன். "சராசரியா நடந்தா சராசரியா அடிபடலாம், அவ்வளவுதானே?" என்றாள். அவள் தமிழாசிரியை. வாதத்தில் ஜெயிக்க முடியாது.

அமெரிக்காவில் 2009ல் விநாடிக்கு 4 அடி என்ற அளவை மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். சிங்கப்பூரில் அதே ஆண்டு வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிக்னல் கம்பத்தில் ஒரு சின்னக் கருவி. மூத்தோர் தங்கள் அட்டையை அதில் காட்டினால் பச்சை நீளும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும். பிரிட்டனில் கருவிக்கண் (சென்சார்) வைத்த கிராசிங்குகள் உண்டு. யாராவது இன்னும் நடுச்சாலையில் இருந்தால் அது பார்த்துக்கொண்டு வண்டிகளைக் கொஞ்சம் பொறுக்கவைக்கும். அட்டையை எடு, காட்டு என்பதும் இல்லை. எனக்கு இதுதான் மரியாதையாகப் படுகிறது.

விநாடிகள் மட்டும் பிரச்சினை இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் கடக்கும்போது வேறு ஒரு கணக்கு தப்புகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2005ல் வெளியிட்டார்கள். திரையில் வரும் வண்டிகளைப் பார்த்து, இப்போது கடக்கலாமா என்று வெவ்வேறு வயதினர் சொல்ல வேண்டும். வயதானவர்கள் பெரும்பாலும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைச் சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. தூரம் ஒன்றேயானாலும் 40ல் வரும் வண்டிக்கும் 80ல் வரும் வண்டிக்கும் நேரம் இரண்டு மடங்கு வித்தியாசம். இதை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! சாலையோரம் நின்று என்னையே கவனித்தபோது, நானும் தூரத்தை வைத்துத்தான் காலை எடுத்துவைக்கிறேன்.

போன வருடம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறதாம். புரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கட்டை அவிழ்த்த அன்று சாலையில் வெள்ளைக் கோடு அவ்வளவு வெள்ளையாக இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். இத்தனை நாள் அதைப் பழுப்பு என்று நினைத்திருந்தேன். புரை அறுவை செய்துகொண்ட வயதான ஓட்டுநர்களுக்கு, செய்துகொள்ளாதவர்களைவிட விபத்து பாதியாகக் குறைந்ததாக அமெரிக்காவில் 2002ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட மகன், சங்கடத்தோடு, "சாவி வேணுமாப்பா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தூணில் மோதியது என் கண் இல்லை, என் கால். ஆனால் ஒன்று: சாவியைப் பிடுங்குவதற்கு முன்னால் கண்ணைக் காட்டச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. 72 என்ற எண் மட்டும்தான் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதைப் பற்றித்தான் இவ்வளவு நாளாக எழுத நினைத்தேன். வயதானவர்களும் சாலையும் என்றாலே பேச்சு உடனே ஓட்டுநர் உரிமத்துக்குப் போய்விடுகிறது. சோதனை வை, பிடுங்கு, முதியவர் ஓட்டும் வண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டு. ஃபின்லாந்தில் வயதானவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சோதனை கட்டாயமாக இருந்தது. பக்கத்திலிருக்கும் ஸ்வீடனில் அப்படி எதுவும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 1996ல் ஓர் ஆய்வு வந்தது. சோதனை வைத்ததால் முதியவர்கள் ஓட்டும் கார்களின் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கார் இல்லாமல் சாலையில் போகும் முதியவர்கள் ஃபின்லாந்தில்தான் அதிகம் இறந்திருந்தார்கள். காரிலிருந்து இறக்கப்பட்டவர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய் அடிபட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். பிறகு டென்மார்க்கிலும், முதிய ஓட்டுநர்களுக்கு ஞாபகத்திறன் சோதனை கொண்டுவந்த பிறகு இதே போன்ற கதைதான். 2017ல் அந்த நாடு, வயதை மட்டும் வைத்துச் செய்யும் கட்டாயச் சோதனையையே கைவிட்டது.

படித்ததும் என் முதல் எண்ணம், அட, இது நாங்கள்தானே என்பது. தகர டப்பாவுக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரை இறக்கி, பருத்திச் சட்டையோடு நான்கு தடங்களுக்கு நடுவில் நிறுத்தியாகிவிட்டது. இறக்கியது தவறு என்று சொல்லவில்லை. நான் ஓட்டக்கூடாதவன்தான். இறக்கிவிட்ட இடத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்கிறேன்.

யோசித்தால் முதலில் கண்ணில் படுவது வேகம். பழைய பழக்கம், ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும். ஓட்டுநர் என்னைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் உலர்ந்த சாலையில் நிற்க ஒரு 5 மீட்டர். மொத்தம் 13 சொச்சம். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்துவிடும். அதாவது 30ல் வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், 50ல் வந்த வண்டி பிரேக்கையே இன்னும் தொட்டிருக்காது. முழு 50ல் இடிக்கும். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 30க்கும் 50க்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு வித்தியாசம். இருபது வயதுக்காரன் கால் எலும்பு முறிந்து எழுந்துவருகிற அதே அடியில் என் வயதுக்காரன் எழுந்திருக்க மாட்டான். வகுப்பில் இதைச் சொன்னபோது பையன்கள் மார்க்குக்காக எழுதிக்கொண்டார்கள். எனக்கும் அப்போது அது மார்க்குதான்.

ஸ்பெயின் 2021ல் நகரங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரே தடமுள்ள சாலைகளுக்கு 30 என்று வரம்பு வைத்தது. சிங்கப்பூரில் 2014லிருந்து முதியோர் அதிகம் வாழும் இடங்களில் சாலையைக் குறுக்கி, வளைத்து, நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். நடுத்திட்டு எங்களுக்குச் சொர்க்கம். 14 மீட்டர் இரண்டு ஏழாகிவிடும். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். கழுத்து திரும்பாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் உடைந்த கல்லில் தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அது சாலை விபத்துக் கணக்கில் வராது. வண்டி சம்பந்தப்பட்டால்தான் விபத்து. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் அப்படி விழுந்து ஐந்து மாதம் படுக்கை. எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை.

சிக்னல் விஷயமாகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். நேர அளவு விதிப்படிதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மை, அவர்கள் கணக்கில் பிழை இல்லை. மறுபடி எழுதினேன். இந்த முறை பேத்தி வரைந்த படத்தையும் இணைத்தேன். நான்கு தடங்கள், சிவப்பு விழும் நொடியில் தாத்தா எங்கே, பாட்டி எங்கே என்று இரண்டு பொம்மைகள். பாட்டி பொம்மைக்குக் கைத்தடியும் போட்டிருந்தாள். பாட்டி கைத்தடி பிடிப்பதில்லை, அதற்காக வீட்டில் ஒரு சண்டை. மூன்று மாதம் கழித்து ஓர் இளைஞர் வந்தார். எங்களோடு ஒருமுறை நடந்துபார்த்தார். நடுத்திட்டுக்கு இடமில்லை என்றார். பச்சை 14லிருந்து 18 ஆனது. இப்போது எனக்கு ஒரு விநாடி மிச்சம். மனைவிக்கு மூன்று விநாடி பாக்கி.

அதனால் எங்களுக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையில் இறங்குவதில்லை, அது எத்தனை விநாடி பழசோ யாருக்குத் தெரியும். இருட்டிய பிறகு போவதானால் ஒளி பிரதிபலிக்கும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்கிறோம். ஃபின்லாந்தில் இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மனைவி முதலில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்றாள், இப்போது அவளே எடுத்துத் தருகிறாள். சாலையில் வண்டிக்காரரின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவர் முன்னால் போகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலால் தாளம் போடுகிறவர்களை எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

நேற்று சிக்னலுக்கு நாங்கள் வந்து சேரவும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. என் கால் தானாக இறங்கப் பார்த்தது. மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, புதுப் பச்சை வரட்டும்."

நின்றோம். கோடு வெள்ளையாக இருந்தது. வண்டிகள் போயின.

"அந்த மூணு விநாடிக்கு இன்னொரு கடிதம் போட்டீங்களா?" என்றாள்.

"போடணும்."

"இந்தத் தடவை கைத்தடி இல்லாம வரையச் சொல்லுங்க."